கொடுத்த பின் தொடங்கும் உதவி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



இம்மண்டபத்தில் எத்தனை பேர் மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கிறோம்! அதுவும் ஓர் உதவிச் சாதனந்தான். செவிப்புலன் கருவி, வெண்பிரம்பு, சக்கர நாற்காலி, செயற்கைக் கால் எல்லாம் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகில் 250 கோடிக்கும் அதிகமானோருக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று தேவை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2022இல் அறிவித்தன. அவர்களுள் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிட்டவில்லை.

பிறருடைய கண்ணாடியை நாம் அணிவதில்லை. கண்ணைச் சோதித்த பின்பே வாங்குகிறோம். சக்கர நாற்காலியை மட்டும் அளவு பாராமல் அன்பளிப்புச் செய்துவிடுகிறோம். முண்ணாண் முற்றாகப் பாதிக்கப்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே உணர்ச்சி இராது. இருக்கை அகன்றிருந்தால் உடல் ஒரு பக்கம் சாயும். தகுந்த மெத்தை இல்லாவிட்டால் அழுத்தப் புண் உண்டாகும். வலி தெரியாததால், புண் எலும்புவரை இறங்கிய பின்பே சிலர் வைத்தியரிடம் வருகிறார்கள். கிருமி இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. நல்ல மனத்தோடு கொடுத்த நாற்காலியாலும் இப்படி நேரலாம்.

செயற்கைக் காலும் அப்படியே. 1968இல் இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர் காலை அணிந்தவர் சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், நிலத்தில் குந்தலாம், வயலிலும் இறங்கலாம். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இத்துறையில் பணியாற்றுகிறது. ஆனால் வளரும் பிள்ளைக்கு ஒரு முறை கால் கொடுத்தால் போதாது. சட்டை சிறுத்துப்போவது போல அதுவும் சிறுக்கும். மீண்டும் மீண்டும் அளவெடுக்க வேண்டும்.

கடல் கடந்து வாழும் சகோதரிகள், "என்ன வாங்கி அனுப்பலாம்?" என்று கேட்கிறீர்கள். வாங்குவதற்கு ஒரு பங்கு ஒதுக்கினால், அளவெடுக்கவும் பழக்கவும் திருத்தவும் இன்னொரு பங்கு ஒதுக்குங்கள். ரயர் தேய்ந்தால், பிறேக் பிடிக்காவிட்டால், அவர் யாரிடம் போவார் என்றும் கேளுங்கள்.

கடைசியாக, எங்கள் கல்லூரி. பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் சென்றுவர வழியிருக்க வேண்டும் என்பதற்கு இலங்கையில் 2006ஆம் ஆண்டிலிருந்தே ஒழுங்குவிதிகள் உண்டு. ஓர் அடி உயரமான படிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் போதும். நூற்றாண்டு நினைவாக எதைக் கட்டினாலும் முதலில் அதைக் கட்டுவோம். கழிப்பறைக் கதவையும் நாற்காலி நுழையும்படி அகலமாக்குவோம். இனி இவ்வாசலுக்கு வரும் எந்தப் பிள்ளையும் பிறர் தூக்கிவிடக் காத்திருக்கக் கூடாது.