மறுக்கப்பட்ட அடைக்கலமும் முறைமன்ற மறுஆய்வும்

(தமிழுரிமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

தன் மண்ணில் உயிர்வாழ இயலாமல் பிறநாட்டு வாயிலில் சென்று நிற்கிறான் ஓர் ஏதிலி. அவன் கேட்பது பொன்னன்று, பொருளன்று, தலைக்கு மேல் ஒரு கூரையும், கழுத்துக்கு மேல் தலையும்! அவ் வேண்டுகையை அந் நாட்டரசு மறுத்துவிட்டால் அவன் எங்குச் செல்வான்? முறைமன்றத்திற்குச் செல்லலாம் என்பர் சட்டம் அறிந்தோர். அங்கே அவனுக்குக் கிடைப்பது எது, கிடைக்காதது எது என்பதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

மேல்முறையீடு என்பது வேறு. மறுஆய்வு என்பது வேறு. மேல்முறையீட்டில் நடுவர் தட்டில் உள்ள பொருளை மீண்டும் நிறுத்துப் பார்க்கிறார். மறுஆய்விலோ அவர் நிறைகோலைப் பார்க்கிறார். நிறுத்தவன் கையைப் பார்க்கிறார். பொருளைத் தாம் நிறுப்பதில்லை. அமைச்சர் சட்டத்தை மீறினாரா? அறிவுடைய எவரும் எடுக்கவொண்ணா முடிவை எடுத்தாரா? ஏதிலியின் கூற்றை முறைப்படி கேளாமல் விட்டாரா? மறுஆய்வின் வினாக்கள் இவையே. ‘இம் மாந்தன் திரும்பிச் சென்றால் சாவானா, பிழைப்பானா?’ என்னும் வினா அங்கு நேராக எழுவதே இல்லை.

இதனால் மறுஆய்வு பயனற்றது என்று கொள்ளற்க. உகாண்டா நாட்டு ஏதிலி ஒருவரைக் கெனியாவிற்கு அனுப்பப் பிரித்தானிய அரசு முனைந்தது. கெனிய அரசோ முன்னரே உகாண்டா ஏதிலியரை அவர்கள் நாட்டிற்கே திருப்பி அனுப்பியிருந்தது. இதனை அமைச்சர் எண்ணிப் பார்க்கவில்லை என்னும் கரணியத்தால், அன்று அந் நாட்டின் உச்ச முறைமன்றமாக விளங்கிய பெருமக்கள் அவை 1987ஆம் ஆண்டு அம் முடிவைத் தள்ளியது. உயிர் தொடர்பான முடிவைப் பெருங்கவலையோடு துருவி ஆராய வேண்டும் என்றும் நடுவர்கள் அவ் வழக்கில் வலியுறுத்தினர்.

ஆனால், அதே 1987இல் நம்மினத்தார்க்கு நேர்ந்தது என்ன? அவ்வாண்டு பிப்பிரவரித் திங்களில் இலண்டன் ஈத்துரோ வானூர்தி நிலையத்தில் ஈழத் தமிழர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோரை வானூர்தியில் ஏற்றித் திருப்பியனுப்ப முனைந்தபொழுது, அவர்கள் தங்கள் உடைகளைக் களைந்தெறிந்து எதிர்ப்புக் காட்டினர். மானத்தை உயிரினும் மேலாகப் போற்றும் இனத்தின் மக்கள், உயிர் காக்க மானத்தையே விலையாக வைத்த நாள் அது!

அவ்வாண்டிலேயே தமிழர் அறுவர் தொடுத்த மறுஆய்வு வழக்கு, ஒரே ஒரு சொற்றொடரின் மேல் நின்றது. ஏதிலியர் பற்றிய 1951ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கை, துன்புறுத்தப்படுவோம் என்னும் ‘நன்கு அடித்தளமுள்ள அச்சம்’ உடையவனே ஏதிலி என்கிறது. அவ் அச்சம் யாருடைய கண்கொண்டு அளக்கப்படும்? அத்தகு நிலையில் நிற்கும் ஓரளவு நெஞ்சுரமுள்ள மாந்தனுக்கு அச்சம் எழுமாயின் போதும் என்றது மேல்முறையீட்டு மன்றம்; அக்தோபரில் தமிழர் வென்றனர். அன்று, மெய்யாகவே துன்பம் நேரும் வாய்ப்பு உண்டா என்பதைப் புறச்சான்றுகளால் அளக்க வேண்டும் என்றது பெருமக்கள் அவை. திசம்பர் 16ஆம் நாள் தமிழர் தோற்றனர். ஒரு சொல்லின் பொருள் மாறியது. ஆறு பேரின் வாழ்வும் மாறியது. சொல்லாராய்ச்சி வீண்வேலை என்று நம்மை நகைப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்!

1988 பிப்பிரவரியில் அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். நாட்டை விட்டுச் சென்ற பின்னரே மேல்முறையீடு செய்யலாம் என்பது அன்றைய சட்டம். அவருள் ஐவரின் மேல்முறையீட்டை ஆராய்ந்த நடுவர், 1989 மார்ச்சில், அவர்கள் அச்சம் அடித்தளம் உள்ளதே எனத் தீர்ப்பளித்தார். அவ் ஆண்டு அக்தோபரில் அவர்கள் மீண்டும் பிரித்தானியா சென்றனர். கோலைப் பார்த்த மன்றம் பிழையில்லை என்றது. பொருளை நிறுத்த நடுவரோ எடை சரியே என்றார். இடைப்பட்ட இருபது திங்களும் அவர்கள் எந்த மண்ணுக்கு அஞ்சி ஓடினார்களோ அந்த மண்ணிலேயே கிடந்தனர்! இருந்தும், மறுஆய்வே போதிய தீர்வுவழி என்று 1991 அக்தோபர் 30ஆம் நாள் ஐரோப்பிய மாந்தவுரிமை மன்றம் பெரும்பான்மையால் தீர்ப்புரைத்தது. நடுவருள் இருவர் அதனை ஏற்கவில்லை. அவ் இருவர் பக்கமே நம் நெஞ்சம் நிற்கிறது.

பின்னர் 1993ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டில் இருந்துகொண்டே மேல்முறையீடு செய்யும் உரிமையை அங்கு வழங்கியது. ஆயினும், அறவே அடித்தளமற்றது என்று அரசு முத்திரை குத்திவிடும் வேண்டுகைகளுக்கு இன்று மறுஆய்வு ஒன்றே எஞ்சும் வழி. அதற்கும் காலம் காத்திராது. பிரித்தானியாவில் காலந்தாழ்த்தாமல், எவ்வாறாயினும் 3 திங்களுக்குள், மன்றம் புக வேண்டும். கனடாவில் அந் நாட்டினுள் எடுக்கப்பட்ட முடிவிற்கு 15 நாள்களே. அங்கும் இங்கும் முதலில் மன்றத்தின் இசைவைப் பெற்ற பின்னரே வழக்கு முழுமையாகக் கேட்கப்படும்.

தோழர்களே! மறுஆய்வு செய்யும் நடுவர் பெரும்பாலும், முடிவெடுத்த அலுவலர்முன் இருந்த தாள்களையே பார்ப்பார். எனவே, முதல்நாள் உசாவலில் எழுதப்பட்ட சொல்லே இறுதிநாள்வரை உடன்வருகிறது. அங்கேதான் நம் மொழி காவலாகவும் ஆகிறது. கவனியாவிடில் கண்ணியாகவும் ஆகிறது.

பெரியப்பன் மகனையும் நாம் ‘அண்ணன்’ என்போம். மொழிபெயர்ப்பவர் அதனை உடன்பிறந்தான் என்று எழுதுகிறார். குடும்பத் தாளிலோ அப்படி ஒருவன் இல்லை. ‘காலில் குண்டு பட்டது’ என்கிறோம். துப்பாக்கியால் சுட்டதும் குண்டே. வானூர்தி வீசியதும் குண்டே. ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் மற்றொன்றும் பதிவாகிவிட்டால், ‘இவன் கூற்று முன்னுக்குப்பின் முரண்’ என்று அலுவலர் எழுதிவிடுவார். பொய் சொன்னவன் அவன் அல்லன்; பிழை செய்தது மொழிபெயர்ப்பு. அத்தகைய பிழையை உடனே சுட்டிக்காட்டிப் பதிவு செய்திருந்தால், முறைப்படி கேட்கப்படவில்லை என்று மறுஆய்வில் வாதிட இடமுண்டு. வாய்மூடி இருந்துவிட்டால் அவ் வாயிலும் குறுகிவிடும்.

ஆகலின் நாம் செய்ய வேண்டுவன மூன்று. அடைக்கலம் கேட்கும் தமிழர், தம் கூற்றை எழுதிய தாளைத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பமிடல் வேண்டும். தமிழும் சட்டமும் அறிந்தோர் அவர்க்குத் துணையாக அமர்தல் வேண்டும். பொருளையே நிறுத்துப் பார்க்கும் முழு மேல்முறையீடு, திருப்பியனுப்புவதற்கு முன்னரே எல்லா ஏதிலியர்க்கும் உரியது என்று உலக அரங்கில் நாம் முழங்குதல் வேண்டும். தமிழர்க்கு மட்டுமன்று, உகாண்டா நாட்டானுக்கும், வேறெந்த நாட்டானுக்கும்!

அனுப்பியபின் வரும் அறம், புதைத்தபின் வரும் மருந்து. சொல்லைக் காப்போம், அச் சொல்லால் உயிரைக் காப்போம்!

வெல்க தமிழ்! வாழ்க தமிழினம்!