பச்சை இலையே முதல் உழவன்

(சிங்கவரத்தில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



மணிலாவுக்கு எவ்வளவு எரு இடுவது, எப்போது நீர் பாய்ச்சுவது என்று நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். அந்த நீரைக் கொண்டு உணவு சமைக்கும் இலையைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

செடியின் உடல் எதனால் ஆனது? மண்ணால் ஆனது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இன்றைய பெல்ஜிய நாட்டுப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட் என்னும் அறிஞர் 200 ராத்தல் உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே வார்த்தார். மரம் 169 ராத்தலாக வளர்ந்தது. மண்ணில் குறைந்ததோ சில அவுன்சுகளே! 1648-இல் இச்சோதனை அச்சில் வெளிவந்தது. நீரே மரமாயிற்று என அவர் கருதினார். காற்றுக்கும் ஒளிக்கும் உள்ள பங்கு பின்னரே விளங்கிற்று. வெயில் படும்போதுதான் செடியின் பச்சைப் பகுதிகள் பிராணவாயுவை வெளியிடுகின்றன என்று 1779-இல் இங்கன்ஹவுஸ் என்பவர் கண்டறிந்தார்.

இலையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கரியமிலவாயு உட்புகுகிறது. வேர் நீரை அனுப்புகிறது. இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியை ஏற்று, அதன் வலிமையால் நீரைப் பிளக்கிறது. நீரிலிருந்து பிரிந்த பிராணவாயு வெளியேறுகிறது. எஞ்சிய ஹைட்ரஜன் கரியமிலவாயுவுடன் சேர்ந்து சர்க்கரைச் சத்தாகிறது. அச்சர்க்கரையே நெல்லில் மாவாகவும், மணிலாவில் எண்ணெயாகவும், வேம்பில் மரமாகவும் உருமாறுகிறது. இதற்கே ஒளிச்சேர்க்கை என்று பெயர். அப்படியானால் எரு எதற்கு என்று கேட்பீர்கள். பச்சையம் உருவாகத் தழைச்சத்தும் மக்னீசியமும் வேண்டும். அளவில் சிறிதாயினும் அவையின்றி இலை வெளுத்துவிடும், வேலையும் நின்றுவிடும்.

பூமி தோன்றி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் காற்றில் பிராணவாயு இல்லை எனலாம். கடலில் வாழ்ந்த நீலப்பச்சை நுண்ணுயிர்கள் ஒளிச்சேர்க்கை செய்து வெளியிட்ட பிராணவாயு, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் சேரத் தொடங்கிற்று. இன்று காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அதுவே. அதிலிருந்து உண்டான ஓசோன் படலம் வெயிலின் கொடிய கதிர்களைத் தடுத்தது. அதன் பின்னரே செடிகொடிகள் நிலத்தில் பரவின.

இவ்வரலாற்றின் ஓர் ஏடு நமக்கு அருகிலேயே உள்ளது. செஞ்சி வழியாக ஓடும் சங்கராபரணி ஆறு திருவக்கரையை அடைகிறது. அங்குள்ள கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பசுமையாக நின்றவை. வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு, மணலில் புதைந்து, கல்லாகச் சமைந்தவை. நெய்வேலி மண்ணுக்குள் புதைந்த தாவரங்களோ பழுப்பு நிலக்கரியாயின. அந்நிலக்கரியால் எரியும் விளக்கு, பண்டை நாளின் வெயிலையே நமக்குத் திருப்பித் தருகிறது. கூடவே, அன்று இலைகள் ஈர்த்துக்கொண்ட கரியமிலவாயுவும் காற்றுக்குத் திரும்புகிறது. இன்று காற்றின் 10,000 பங்கில் 4 பங்குக்குச் சற்று மேல் அவ்வாயு உள்ளது. தொழிற்சாலைகள் பெருகுமுன் அது 3 பங்குக்கும் குறைவே.

ஆகவே, அன்பர்களே, இலையைக் காப்பதே விளைச்சலைக் காப்பது. மணிலாவில் டிக்கா என்னும் இலைப்புள்ளி நோய் கண்டால் அசட்டை செய்யாதீர்கள். இலை உதிர்ந்த செடியில் காய் பருப்பதில்லை. நோயுற்ற சருகை நிலத்தில் விடாமல் அகற்றுங்கள்; மாற்றுப் பயிர் செய்யுங்கள். கால்நடைத் தீவனத்திற்கென்று, காய் முற்றுமுன் பச்சைக் கொடியை அறுக்காதீர்கள். அறுத்தால் மாட்டுக்குக் கிடைப்பது ஒரு வேளைத் தீனி. வீட்டுக்கு நேர்வதோ ஒரு பருவ நஷ்டம். குன்றுகளின் அடிவாரத்திலுள்ள மரங்களையும் விறகுக்காக வெட்டாது காப்போமாக.

கூலி கேளாமல் நமக்கு உணவும் மூச்சும் அளிக்கும் அந்தப் பச்சை இலைக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு இதுவே.