ஆஸ்பத்திரிக்கு ஏன் எழுதி வைக்கிறார்கள்?

(கொழும்பில் தொழில்புரியும் தோட்டக் குடும்பங்களுக்காகக் கொட்டாஞ்சேனையில் நடந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். இன்று பேசப்போவது சொத்து எழுதி வைப்பது பற்றி. "நமக்கு ஏது சொத்து? லயக் காம்பராவுக்கே உறுதி இல்லையே" என்று பின்னால் ஒருவர் சொல்வது காதில் விழுகிறது. சரியான கேள்வி. அதற்கும் வருகிறேன்.

வெள்ளவத்தையில் வீட்டுவேலை செய்யும் நம் பெண்களில் பலர் வயதானவர்களைத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார்கள். தொடர்மாடி வீட்டில் ஐயாவும் அம்மாவும் மட்டும். அவர்களுடைய பேச்சில் அடிக்கடி வருவது, தங்களுக்குப் பிறகு இதையெல்லாம் யாருக்கு விடுவது என்பதுதான். பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை. கோயிலுக்கு எழுதலாமா, படித்த பள்ளிக்கூடத்துக்கா, ஊர் ஆஸ்பத்திரிக்கா? நம் தங்கச்சிமாருக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரி ஏன் மனிதருடைய நினைவுக்கு வருகிறது? கொழும்பிலேயே இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கின்சி வீதியில் உள்ள டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை உங்களுக்குத் தெரியும். இங்கே இருக்கும் சிலருடைய பிள்ளைகள் அங்கேதான் பிறந்திருப்பார்கள். 1879இல் அதைக் கொடுத்தவர் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா. அந்தக் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது? அவருடைய தகப்பனார் ஜெரோனிஸ் டி சொய்சா, அங்குரான்கெத்தையில் கோப்பி பயிரிட்டுப் பெரும் பணக்காரரானவர். கோப்பிக் காலத்தில் மலையில் வேர்வை சிந்தியவர்கள் பெரும்பாலும் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்த நம் முன்னோர்கள். வழியில் காய்ச்சலிலும் கொலராவிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆகவே அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது "தருமத்துக்கு வந்தோம்" என்று யாரும் கூசி நிற்கத் தேவையில்லை. கோப்பியில் வந்த காசில் நம் பங்கும் இருக்கிறது. இப்படிச் சொல்வதால் அந்த மனிதர் செய்ததைக் குறைக்கவில்லை. கோப்பியில் சம்பாதித்த எத்தனையோ பேர் கப்பலில் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். இவர் இங்கே ஆஸ்பத்திரி கட்டினார்.

அவருடைய முடிவையும் சொல்ல வேண்டும். 1890இல் நாய் கடித்து, விசர்நாய்க்கடி நோயினால் இறந்துபோனார். அவ்வளவு பணம் இருந்தும் அன்று இந்த நாட்டில் அதற்கு வைத்தியம் இல்லை. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் அவருடைய குடும்பம் கொடுத்த பணத்தில் நுண்ணுயிர் ஆய்வு நிலையம் ஒன்று எழுந்தது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். தன் வீட்டில் விழுந்த இடி இன்னொரு வீட்டில் விழக்கூடாது என்று நினைக்கிறது மனது. எழுதி வைக்கிறவர்களில் பாதிப்பேரை எழுத வைப்பது அந்த நினைப்புத்தான் என்பது என் எண்ணம்.

மஹரகமவில் நடந்தது நம் காலத்துக் கதை. புற்றுநோயில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், அந்த வைத்தியசாலைக்குப் 'பெட் ஸ்கேன்' இயந்திரம் வாங்க வேண்டும் என்று புறப்பட்டார். விலை ஏறக்குறைய 20 கோடி ரூபாய். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று நாடெங்கும் சாதாரண சனங்கள் நூறும் ஆயிரமுமாகப் போட்டுச் சேர்த்துக் கொடுத்தார்கள். மலையிலிருந்து கடைசி பஸ் பிடித்து மஹரகமவுக்கு நோயாளியைக் கூட்டி வந்து, வெளியே பாய் விரித்துப் படுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த நூறு ரூபாயின் அருமை தெரியும்.

யாழ்ப்பாணத்து மூளாயிலே கூட்டுறவு ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. 1930களில், ஊரவர் பங்கு போட்டு, மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்களும் சேர்ந்து நடத்தியது. சங்கம் நடத்தத் தெரிந்த நமக்கு இது புதிய வித்தை இல்லை. தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிறோம். சாவுக்குச் சேர்த்து வைக்கிற பழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு தோழர் கோபித்துக்கொள்ளலாம். "ஆஸ்பத்திரிக்குக் கட்டிலும் மருந்தும் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. தோட்ட ஆஸ்பத்திரியைக் கவனிப்பது கம்பெனியின் கடமை. ஏழையிடம் தருமம் கேட்டால் அவர்கள் கைகழுவி விடுவார்களே?" அவர் சொல்வது நியாயம். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்று சங்கங்கள் எத்தனை வருடமாகக் கேட்கின்றன! சில கைமாறின. சில இடங்களில் கட்டடம் இருக்கிறது, வைத்தியர் இல்லை. தாதியின் சம்பளத்துக்கும் அன்றாட மருந்துக்கும் ஒருநாளும் நாம் உண்டியல் குலுக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதைப் போராடித்தான் வாங்க வேண்டும். கொடுக்கிற கொடை ஒரு பொருளாக, எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு சக்கர நாற்காலி, பிரசவ வார்டுக்கு ஒரு இயந்திரம். கொடுத்தவர்கள் பிறகு வந்து "அது வேலை செய்கிறதா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி, நமக்கு ஏது சொத்து என்ற கேள்வி.

கண் இருக்கிறது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் இலங்கைக் கண் தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் முதன்முதலாக சிங்கப்பூருக்கு இங்கிருந்து கருவிழிப் படலம் போனது. அதன்பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறது. ஜனாதிபதியாக இருந்த ஜே. ஆர். ஜயவர்தனவின் கண்களும் அவர் இறந்தபின் தானமாகப் போயின. இந்தக் கணக்கில் ஜனாதிபதிக்கும் கொழுந்து பறிக்கிற அக்காவுக்கும் ஆளுக்கு இரண்டுதான். கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்று நம் பாட்டிமார் பயப்படுவார்கள். உடம்பை எரித்த பிறகு எந்தக் கண் மிஞ்சுகிறது என்று அவர்களிடம் மெதுவாகக் கேளுங்கள். முகம் விகாரமாவதில்லை. கண்ணாடி போட்டவர்களும் கொடுக்கலாம். ஆனால் இறந்த சில மணித்தியாலங்களுக்குள் எடுக்க வேண்டும். லயத்தில் சாவு விழுந்து, ஒப்பாரி முடிந்து, பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும். ஆகவே வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் மறைத்து வைப்பதால் பயனில்லை.

அடுத்தது எழுத்து. வெள்ளவத்தை அம்மா "என்னைப் பார்த்துக்கொண்ட உனக்கு ஏதாவது விட்டுப் போவேன்" என்று வாயால் சொன்னதை நம்பி எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா கண் மூடிய மறுவாரம் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து கதவைப் பூட்டுவார்கள். சட்டம் வாய்ச் சொல்லைப் பார்க்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மரண சாசனம் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில் என்றால் இரண்டு சாட்சிகள். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒன்றாக இருந்து கையெழுத்திட வேண்டும். உங்களுக்கு எழுதுகிறார்கள் என்றால் நீங்கள் சாட்சியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறவர்களும் "ஊர் ஆஸ்பத்திரிக்கு" என்று பொதுவாக எழுதாமல், எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேவைக்கு, யார் பொறுப்பு என்று தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் வழக்கறிஞர் வீட்டுக்குத்தான் லாபம்.

நமக்கென்று உள்ள பெரிய சேமிப்பு ஊழியர் சேமலாப நிதி. அதில் பின்னுரித்தாளியின் பெயரைப் பதிந்திருக்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள், அம்மா இறந்தும் மாற்றாமல் வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டியது ஒழுங்காகப் போய்ச் சேரட்டும். அதுதான் முதல் வேலை.

கண் தானப் படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. இன்றே நிரப்பச் சொல்லவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசுங்கள். பின்னுரித்தாளி பெயரை மாற்ற வேண்டியவர்கள் அடையாள அட்டையோடு நம் தோழரைச் சந்தியுங்கள், மாலை பஸ்ஸுக்கு முன் முடித்துத் தருவார்.