பக்கவாத மருத்துவமும் பழுதுற்ற இரத்தக் குழாயும்

   

உழைத்து உண்ணும் நம் குடும்பங்களில் ஒருவர் பக்கவாதத்தால் வீழ்ந்தால், குடும்பமே வீழ்கிறது. முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பு. ஆதலின் கல்வி வளர்க்கும் இவ்வவையில் இந்நோயைப் பற்றி நாம் பேசுவது பொருந்தும்.

பெரும்பாலான பக்கவாதத்துக்குக் காரணம், மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதே. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தின் பயன் 1995இல் மெய்ப்பிக்கப்பட்டது. நோய் தொடங்கி நாலரை மணி நேரம் வரை அது பயன் தரும் என்பது 2008இல் தெளிவாயிற்று. தொடையின் வழியே மெல்லிய குழல் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறையின் நன்மை 2015இல் உறுதிப்பட்டது.

எனினும் ஒரே மருத்துவம் எல்லோருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை. ஏன்? இதயத்தில் உருவாகி மிதந்து வந்த கட்டி நல்ல குழாயை அடைத்திருந்தால், அதனை எடுத்தவுடன் வழி திறந்துவிடும். ஆனால் உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் புகைப் பழக்கமும் குழாய்ச் சுவரைப் பல்லாண்டுகளாகக் கெடுத்து, கொழுப்புப் படிந்து குறுகிய இடத்திலேயே கட்டி உறைந்திருந்தால், அதனை எடுத்த பின்னும் குறுக்கம் அங்கேயே நிற்கும். குழாய் மீண்டும் அடைபடக்கூடும். வாய்க்காலில் சிக்கிய தழையை எடுப்பது வேறு. தூர்ந்துபோன வாய்க்காலைச் சீர்செய்வது வேறு. மூளைக் குழாய்கள் இவ்வாறு குறுகும் நோய் ஆசிய மக்களிடையே மிகுதி என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாறாயின், குறுகிய இடத்தில் ஸ்டென்ட் என்னும் வலைக்குழலை வைத்து விரித்துவிடலாமே என்று தோன்றலாம். அண்மையில் பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்ட 451 பேரிடம் அமெரிக்காவில் இது ஆராயப்பட்டது. முடிவு 2011இல் வெளிவந்தது. மருந்துடன் ஸ்டென்ட்டும் பெற்றோரில் 100க்கு 14.7 பேர் முப்பது நாட்களுக்குள் மீண்டும் பக்கவாதமுற்றனர் அல்லது இறந்தனர். மருந்தும் கட்டுப்பாடும் மட்டுமே பெற்றோரில் அத்தொகை 5.8. அடைப்பு நேர்ந்த அவசர வேளையில் எது தக்கது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். ஆயினும் மறு தாக்குதலைத் தடுப்பதில், விலை மிகுந்த கருவியைக் காட்டிலும் நாள்தோறும் உண்ணும் மாத்திரையே சிறந்தது என்பது இதனால் விளங்குகிறது.

அம்மாத்திரையைத்தான் நம்மவர் பலர் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிடுகின்றனர். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று மருத்துவமனைக்குச் செல்லாது விடுகின்றனர். இரத்த அழுத்த மருந்தை வீட்டிற்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்டது. அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

இளைஞர்களே! முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் எதனையும் புகட்டாதீர்கள்; பச்சிலைக்கும் மந்திரத்திற்கும் காத்திராதீர்கள். தெருதோறும் முதியோரின் இரத்த அழுத்தத்தை அளக்கச் செய்யும் பணியை இவ்வெள்ளி விழா ஆண்டில் நாம் மேற்கொள்வோமாக.