கல்லைப் பெயர்த்தோர் கலை கற்பிக்க வந்தனர்!

(பெரம்பலூரில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தமிழனுக்குக் கலைக்கல்வி தந்தவன் வெள்ளையன்" என்று கூறுவோர் இன்றும் இருக்கின்றனர். சென்னையிலே கலைப்பள்ளி கண்டவன் அவன்தானே என்று சான்றும் காட்டுகின்றனர். அந்தச் சான்றை நாமும் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

1836! கொள்ளிடத்தின் குறுக்கே அணை எழுப்பிற்று கும்பினி ஆட்சி. உழவனுக்கு நீர் வேண்டும், நீருக்கு அணை வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அணைக்குக் கல் எங்கிருந்து வந்தது? அண்டையிலுள்ள அரியலூர் மண்ணில், இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வந்தது! கோயில் மதிலைப் பெயர்த்தனர். ஊர் மக்கள் தடுத்தனர், தடுத்தவர் தண்டிக்கப்பட்டனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவோம் என்றனர். அந்த வாக்குறுதி நிறைவேறவே இல்லை. இதனை எழுதி வைத்தது நம்மவர் ஏடன்று; ஆங்கிலேயர் ஏடே!

பதினான்கு ஆண்டுகள் உருண்டோடின. 1850-இல் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே தொழிற்பள்ளியும் சேர்ந்தது. 1855-இல் அரசு அதனை ஏற்றது. செங்கல்லும் ஓடும் மண்பாண்டமும் செய்யும் பயிற்சி அங்கே நடந்தது. வருவதாகச் சொன்ன செங்கல் மதில் வரவில்லை. செங்கல் செய்யும் பள்ளி வந்தது!

ஹண்டர் கெட்டவர் என்று நான் கூறவில்லை. தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் பள்ளி கண்டவர் அவர். ஆனால் அவர் அறிவித்த நோக்கம் என்ன? இந்நாட்டு மக்களின் அழகுணர்ச்சியைத் திருத்துவதாம்! 1851-இல் இலண்டன் பொருட்காட்சியில் இந்தியக் கைவினைப் பொருள்களைக் கண்டு ஐரோப்பா வியந்து நின்றது. அந்த வியப்பை விளைத்த கையினுடைய பிள்ளைக்கோ, கிரேக்கச் சிலைகளின் சுண்ணச் சாந்துப் படிவங்களை வைத்து, "இதுதான் அழகு, இதைப் பார்த்து வரை" என்று பாடம்! பின்னர் 1884-இல் வந்த ஹாவெல் போன்றோர் நம் மரபுக்காக வாதாடினர். ஆயினும் அப்பள்ளியின் தலைமை இந்தியர் ஒருவரிடம், தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம், வந்து சேர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

தோழர்களே! இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஏட்டுக் கல்வி அங்கே, கைத்தொழில் இங்கே! எழுதுகோல் பிடிப்பவன் மேல், உளி பிடிப்பவன் கீழ்! இந்தப் பிரிவினையை வெள்ளையன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கே ஏற்கெனவே இருந்த சாதிக் கோட்டைக்கு அவன் இன்னொரு மதிலைக் கட்டிக் கொடுத்தான். ஆம், அந்த மதிலை மட்டும் மறவாமல் கட்டினான்!

வெள்ளையன் போனான், மதில் போயிற்றா? 1953-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி கூறிற்று: சிற்றூர்ப் பிள்ளைக்குப் பள்ளி மூன்று மணி நேரம் போதும், மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று! குலக்கல்வி என்று பெயரிட்டுத் தமிழகம் கொதித்தது. அவ்வாண்டு சூலையில் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை அது. இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கல்லக்குடியில் கலைஞர் தண்டவாளத்தில் படுத்ததும் அதே போராட்டத்தில்தான். 1954-இல் காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது.

2023-இல் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தைக் கொண்டு வந்தது. பதினெட்டுத் தொழில்கள், பதினெட்டு வயது, குடும்பத் தொழில் என்னும் நிபந்தனை! பதினெட்டு என்பது கல்லூரி வாயிலில் கால் வைக்கும் வயதல்லவா? அந்த நிபந்தனையை நீக்குக, வயதை முப்பத்தைந்தாக்குக என்று கேட்டது தமிழ்நாடு. கேட்டது கிடைக்காதபோது, இவ்வடிவில் ஏற்கோம் என்று 2024-இல் மறுத்தது. 2025-இல் குலம் பாராத கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கிற்று.

அப்படியானால் நாம் கைத்தொழிலுக்குப் பகைவர்களா? இல்லை! இம்மாவட்டத்து அரும்பாவூருக்குச் செல்லுங்கள். வாகையிலும் மாவிலும் வேம்பிலும் உருவங்களை உயிர்ப்பிக்கும் அந்தக் கைகளைக் காணுங்கள். 2020-இல் அச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நம் பெருமை! ஆனால் பெருமை வேறு, விலங்கு வேறு. உளி பிடிக்க விரும்பும் எவர் பிள்ளைக்கும் உளி கிடைக்க வேண்டும். சிற்பியின் பிள்ளை மருத்துவம் விரும்பினால் அந்த வழியும் திறந்திருக்க வேண்டும். நாம் வேண்டுவது அவ்வளவே!

ஆகவே தோழர்களே, மேடையில் கைதட்டி வீடு திரும்பினால் போதாது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இருக்கிறது; கும்பகோணத்தில் கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. இவை எத்தனை குடிசைகளுக்குத் தெரியும்? கரியைக் கொண்டு சுவரில் படம் வரையும் கூலிக்காரர் மகள் உங்கள் ஊரில் இல்லையா? அவள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்பித் தாருங்கள். அன்று பெயர்த்த கல்லை இனி மீட்க இயலாது. அவள் கைக்கு உளியைத் தர நம்மால் இயலும்!