மருந்து உண்டு, பெயர் உண்டா?



இன்று ஒரு கதையோடு தொடங்குவோம். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எலிசியம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் கதை இது. நம் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் இதைச் சொன்னோம்.

கதை நடப்பது 2154ஆம் ஆண்டில். செல்வர்கள் பூமியை விட்டு, வானில் சுழலும் ஒரு நகரத்தில் குடியேறிவிட்டார்கள். அங்கே வீட்டுக்கு வீடு ஒரு மருத்துவக் கட்டில். அதில் படுத்தால் எந்த நோயும் நொடியில் தீரும். ஏழைகளோ கீழே பூமியில். அவர்களுள் மாக்ஸ் என்பவன் தொழிற்சாலைக் கூலி. சிக்கிக்கொண்ட கதவைச் சரிசெய்ய ஆபத்தான அறைக்குள் நுழையத் தயங்குகிறான். நுழையாவிட்டால் வேலை போய்விடும் என்கிறார் மேற்பார்வையாளர். நுழைகிறான், கதிர்வீச்சு தாக்குகிறது. இன்னும் ஐந்து நாள்தான் உயிர் என்று சொல்லி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவனுடைய தோழியின் சிறுமகளுக்கோ இரத்தப் புற்றுநோய். மேலே இருக்கும் கட்டில் இருவரையும் காப்பாற்றும். ஆனால், வான்நகரத்துக் குடிமக்களுக்கு மட்டுமே அது வேலை செய்யும்.

முடிவில் கணினியிலுள்ள பதிவேடு திருத்தப்படுகிறது. பூமியில் உள்ளோர் யாவரும் குடிமக்கள் ஆகிறார்கள். உடனே, கட்டில்களைச் சுமந்த கப்பல்கள் பூமிக்குப் புறப்படுகின்றன.

இதைக் கேட்ட மாணவி ஒருத்தி எழுந்தாள். “சார், அந்தக் கப்பலெல்லாம் மொதல்லருந்தே அங்கதான் இருந்துச்சா?” என்றாள். ஆம், இருந்தன. கதையின் கொடுமை முழுவதும் அந்தப் பிள்ளையின் கேள்வியில் அடங்கிவிட்டது.

நேயர்களே, இது வெறும் கற்பனைதானா? படம் வந்த அதே 2013இல், ‘ஹெப்பட்டைட்டிஸ் சி’ என்னும் கல்லீரல் நோய்க்கு ‘சொஃபொஸ்புவிர்’ என்ற மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இரத்தத்தின் வழியே தொற்றி, ஆண்டுக்கணக்கில் அறிகுறி காட்டாமல் ஈரலைக் கெடுக்கும் நோய் அது. ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். நாளுக்கு ஒன்றாக 12 வாரத்திற்கு 84,000 டாலர்! 2017இல் நம் மலேசிய அரசாங்கம், காப்புரிமைச் சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்தி, அதே மருந்தை மலிவாகத் தயாரிக்கும் இடத்திலிருந்து வரவழைக்க வழி செய்தது. 2018இல் அரசாங்க மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கொடுக்கப்பட்டது. எட்டாத மருந்து எட்டிற்று.

ஆனால், நம் வீட்டுப் பதிவு எப்படி இருக்கிறது? அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அடையாள அட்டை இல்லாதவருக்கோ அந்நியருக்குரிய கட்டணம். இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி முதுமை அடைந்தும் பத்திரம் இல்லாதவர்கள் நம்மிடையே உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்து, பிறப்புப் பத்திரம் கேட்டதும் தலைகுனிந்து நின்ற தாயை நாமே கண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள் அப்படித்தானே நிற்க வேண்டும்?

ஆகவே, சில காரியங்களைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதியுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடாமல் திருமணத்தையும் பதியுங்கள். பெற்றோரின் திருமணப் பதிவு இல்லாமையே பல பிள்ளைகளின் குடியுரிமையைச் சிக்கலாக்குகிறது. காலம் கடந்துவிட்டதே என்று வெட்கப்பட வேண்டாம். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள். ஆசிரியர்கள் நாங்கள் நிரப்பித் தருகிறோம். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று இரத்தப் பரிசோதனையையும் ஒத்திப்போடாதீர்கள்.

நோய் யாருடைய பெயரையும் கேட்டு வருவதில்லை. மருந்து கொடுக்கும் இடத்தில்தான் பெயர் கேட்கிறார்கள். அந்த ஏட்டில் நம் பிள்ளைகளின் பெயர் இருக்கட்டும்.