ஜூமா, பிரைமா? முதல்ல கேமரா எங்கே நிக்கப் போகுதுன்னு சொல்லுங்க

இன்னைக்கு எபிசோட், நேயர் ஒருத்தர் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. அவர் ஒரு குறும்படம் எடுக்கப் போறார். ரெண்டு நாள் ஷூட், ஒரே வீடு. நடிக்கப் போறது அவரோட சொந்தப் பாட்டி. இதுவரைக்கும் கேமரா முன்னாடி நின்னதே இல்லை. கையில் இருக்கிற வாடகைக் காசுக்கு மூணு பிரைம் லென்ஸ் வரும், இல்லன்னா ஒரு நல்ல ஜூம் வரும். ரெண்டும் சேர்ந்து வராது. "எதை எடுக்கட்டும்?"ன்னு கேட்டிருக்கார்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு வரி. பிரைம் லென்ஸுக்கு ஒரே ஃபோகல் லெங்த்தான்: 25, 35, 50, 85 மி.மீ. இப்படித் தனித்தனியா வரும். நம்ம ஊர் யூனிட்ல பழைய ஆட்கள் இதை பிளாக் லென்ஸ்னு சொல்வாங்க. ஜூம்ல ஒரே லென்ஸுக்குள்ள, உதாரணமா 24-லிருந்து 70 மி.மீ. வரைக்கும் போகலாம்.

இந்தக் கேள்விக்குப் பல வருஷமா ஒரே பதில்தான் சொல்லிட்டு இருக்காங்க: "பிரைம்தான் ஷார்ப், பிரைம்தான் நிறைய வெளிச்சம் வாங்கும்." அதுல உண்மை இருக்கு. சினிமா லென்ஸ்ல வெளிச்சத்தை டி-ஸ்டாப்னு அளக்கிறோம். கண்ணாடிகளைத் தாண்டி சென்சாருக்கு உண்மையில் வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது. நல்ல சினிமா பிரைம் டி 1.5 இருக்கும். சினிமா ஜூம் பெரும்பாலும் டி 2.9 பக்கம் இருக்கும். நடுவுல ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம். பிரைம்ல ஐஎஸ்ஓ 800-ல் எடுக்கிற ஷாட்டுக்கு, ஜூம்ல 3200 வேணும்.

ஆனா கேமரா மாறிடுச்சு. சோனி எஃப்எக்ஸ்3-ஐ லாக்ல ஓட்டினா 800, 12,800னு ரெண்டு அடிப்படை ஐஎஸ்ஓ இருக்கு. ராத்திரி நேரத்துல ஒரு வீட்டுக்குள்ள எடுக்க, வெளிச்சம் மட்டுமே இனிமே பிரைமுக்கான காரணம் இல்லை. ஜூமும் மாறியிருக்கு. 2013-லேயே சிக்மா, 18-35 மி.மீ. ஜூமை எஃப் 1.8-ல் கொண்டு வந்தாங்க. ஒரு எச்சரிக்கை: அது சூப்பர் 35 அளவு சென்சாருக்குத்தான் போதும். ஃபுல் ஃப்ரேம்ல முழுசா மாட்டினா ஓரம் இருட்டும். வாடகைக்கு எடுக்கும்போது லென்ஸ் உங்க சென்சாரை மூடுமான்னு கேட்டுட்டுத்தான் அட்வான்ஸ் கொடுங்க.

பின்னணி கரைஞ்சு போற அழகு? அது டி 1.5-ல்தான் கிடைக்கும், ஐஎஸ்ஓ அதைத் தராது. சரிதான். ஆனா ஃபோகஸ் புல்லர் இல்லாத சின்ன யூனிட்ல, பாட்டி பேசிக்கிட்டே அரையடி முன்னாடி சாய்ஞ்சா கண்ணு ஃபோகஸ்ல இருக்காது. அந்த வரியை அவங்க மறுபடி அதே மாதிரி சொல்வாங்கன்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

அடுத்தது நேரம். லென்ஸைக் கழட்டி, மாட்டி, கிம்பலை மறுபடி பேலன்ஸ் பண்ண 5 நிமிஷம்னு வைங்க. ஒரு நாளைக்கு 20 தடவை மாத்தினா 1 மணி 40 நிமிஷம் போச்சு. தொழில்முறை நடிகர் காத்திருப்பார், அது அவர் வேலை. பாட்டி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போயிடுவாங்க. திரும்பி வரும்போது அந்த மனநிலை இருக்காது.

"அப்போ ஜூம்தானே?"ன்னு முடிவு பண்ணாதீங்க. ஸ்டில் கேமரா ஜூமும் சினிமா ஜூமும் ஒண்ணு இல்லை. சினிமா ஜூம்ல ஃபோகஸ் வச்சுட்டு உள்ளே வெளியே போனாலும் ஃபோகஸ் நிக்கும். நிறைய ஸ்டில் ஜூம்ல அது நகர்ந்துடும். கேமராவோட வர்ற விலை குறைந்த ஜூம் எஃப் 3.5-ல் ஆரம்பிச்சு 5.6-க்குப் போகும். ஷாட் நடுவுல ஜூம் பண்ணா படம் இருட்டும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒண்ணு சொல்றேன். ஜூம் வளையத்தைத் திருப்பினா பார்வைக் கோணம்தான் மாறும். முகத்துக்கும் பின்னணிக்கும் உள்ள உறவு மாறாது. அதை மாத்துறது, கேமரா நிற்கிற தூரம். 25 மி.மீ.யில் 1 மீட்டர் தள்ளி நின்னு ஒரு முகத்தை எடுங்க. 75 மி.மீ.யில் 3 மீட்டர் தள்ளி நின்னு அதே முகத்தை எடுங்க. முகம் ஃப்ரேம்ல ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனா முதல் ஷாட்ல மூக்கு கொஞ்சம் முன்னுக்கு வரும், பின்னாடி அறை முழுக்கத் தெரியும். நாம பாட்டி பக்கத்துல உட்கார்ந்திருக்கோம். ரெண்டாவதுல சுவர் முகத்தோட ஒட்டி வரும். நாம வாசல்ல நின்னு பார்க்கிறோம். கதை யாரோட பார்வைன்னு சொல்றது இந்தத் தூரம்தான்.

பிரைம் கையில் இருந்தா ஃப்ரேம் சரியா வர்றதுக்கு நீங்க நடந்தே ஆகணும், அதனால தூரத்தைப் பத்தி யோசிச்சே ஆகணும். ஜூம் இருந்தா டிரைபாடை எங்க வசதியோ அங்க போட்டுட்டு, வளையத்தைத் திருப்பி வேலையை முடிச்சிடலாம். ஆபத்து அங்கதான்.

1975-ல் வந்த குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' படத்தைப் பாருங்க. மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளுக்கு, நாசாவுக்காகச் சைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ., எஃப் 0.7 பிரைமை கேமராவில் பொருத்தினாங்க. ஃபோகஸ் ஆழம் ரொம்பக் குறைவு, நடிகர்கள் அதிகம் அசையவே முடியாது. அதே படத்துல, ஒரு சின்ன விவரத்துல ஆரம்பிச்சு மெதுவா வெளியே வந்து, மனுஷன் பெரிய நிலப்பரப்புல புள்ளியா ஆகிற ஜூம் ஷாட்களும் இருக்கு. கேமராமேன் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைச்சது. அந்தப் படத்துல பிரைமுக்கும் ஒரு காரணம் இருந்தது, ஜூமுக்கும் ஒரு காரணம் இருந்தது.

இப்போ நேயருக்கு என் பதில். ஸ்கிரிப்டை எடுத்து, திரும்ப எடுக்க முடியாத ஷாட்டுக்கெல்லாம் பக்கத்துல ஒரு புள்ளி வைங்க. பாட்டி பேசுற எல்லா இடமும் புள்ளிதான். அதனால ஜூம் எடுங்க. 24-70 போதும், மாறாத எஃப் 2.8 இருக்கிறதா பாருங்க. நண்பர்கள் யார்கிட்டயாவது ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 ஸ்டில் லென்ஸ் இருந்தா, ராத்திரிக் காட்சிக்குக் கடன் வாங்கிக்கோங்க. ஆனா ஒரு நிபந்தனை. ஒவ்வொரு சீனுக்கும் முதல்ல எங்க நிக்கணும்னு நடந்து பார்த்து முடிவு பண்ணுங்க. ஜூமை அந்த இடத்துக்கு ஏத்த எண்ணில் வைங்க. டேக் ஓடும்போது, பாட்டி எதிர்பாராம ஏதாவது செஞ்சா மட்டும் வளையத்தைத் தொடுங்க.

இதே கதையை ரெண்டு தேர்ந்த நடிகர்களோட, ஒத்திகை பார்த்து எடுக்கிறீங்கன்னா என் பதில் மாறும். அப்போ 35, 50, 85-னு மூணு பிரைம் எடுங்கன்னு சொல்வேன்.

கேட்டுட்டு இருக்கிற எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம். உங்க ஃபோன்ல 3எக்ஸ் லென்ஸ் இருந்தா போதும். நண்பரை மொட்டை மாடியில் நிக்க வைங்க. 1எக்ஸ்ல ஒரு மீட்டர்ல ஒரு படம், 3எக்ஸ்ல மூணு மீட்டர்ல ஒரு படம். ரெண்டையும் பக்கத்துல வச்சு, பின்னாடி இருக்கிற தண்ணி டேங்க்கைப் பாருங்க. அப்புறமா ரெண்டல் கடைக்கு ஃபோன் பண்ணுங்க.